செயினா, பெல்ட்டா?

சீயமங்கலத்தில் மகேந்திரவர்ம பல்லவன் ஒரே பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். பக்கத்துச் செஞ்சிக் கோட்டையின் மதில்களோ கல்லின்மேல் கல் அடுக்கி எழுந்தவை. வண்டியின் பின்சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் அந்தக் குகைக்கோயிலைப் போல ஒரே உடம்பு. செயின் மதிலைப் போலப் பல துண்டுகளின் கூட்டு. இரண்டின் நல்லதும் கெட்டதும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சைக்கிள் செயினில் அரை அங்குலத்துக்கு ஒரு கண்ணியாக ஏறக்குறைய நூறு கண்ணிகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதன்மேல் புஷ், அதன்மேல் உருளும் ரோலர். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. எண்ணெய் போட்டுப் பராமரித்தால், மிதிக்கும் சக்தியில் மிகச் சிறு பங்கே வழியில் வீணாகும். ஆனால் செம்மண் புழுதி எண்ணெயில் ஒட்டிக்கொண்டால் உப்புத்தாள்போலப் பின்னையும் புஷ்ஷையும் அராவும். "செயின் நீண்டுபோச்சு" என்கிறோமே, இரும்பு நீள்வதில்லை. நூறு மூட்டுகளின் தேய்மானம் ஒன்றுகூடி நீளமாகத் தெரிகிறது.

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் தோல் பெல்ட்தான் இருந்தது. மழையில் நனைந்தால் வழுக்கும். இன்றைய பெல்ட்டின் உட்புறம் பற்கள் உண்டு. உள்ளே நீளாத வலுவான இழைகள் ஓடுகின்றன. 1980இல் ஹார்லி டேவிட்சன் தன் ஸ்டர்ஜிஸ் வண்டியில் இதைப் பொருத்தியது. எண்ணெய் வேண்டாம், துருப்பிடிக்காது, சத்தமும் குறைவு. சைக்கிளில் மட்டும் ஒரு சிக்கல்: பெல்ட்டைக் கழற்றி இணைக்க முடியாது. அதை உள்ளே நுழைக்கப் பின்பக்கச் சட்டத்தையே திறக்கும்படி செய்யவேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தப் போட்டியை நேரில் பார்க்கலாம். ஓசூரில் தயாராகும் ஏதர் 450 மின்சார ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைப் பெல்ட் சுழற்றுகிறது. போச்சம்பள்ளி அருகே தயாராகும் ஓலா எஸ்1, 2025இல் வந்த மூன்றாம் தலைமுறையில் பெல்ட்டை விட்டுச் செயினுக்கு மாறியது. பொறியாளர்களிடமே ஒரே விடை இல்லை.

எனக்கோ விடை சாலையைப் பொறுத்தது. தினமும் அலுவலகம் போய்வரும் நகரத்துக்காரருக்குப் பெல்ட் பெரிய நிம்மதி. சீயமங்கலத்துச் சாலையில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் செயின்தான் துணை. அறுந்தால் பக்கத்து ஊர் சைக்கிள் கடையில் கெட்ட கண்ணியைத் தட்டி எடுத்து வேறொன்றைக் கோத்துவிடுவார்கள். முதல் மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருக்கலாம். பெல்ட் அறுந்தாலோ, முழுசாகப் புதியது வரும்வரை வண்டி வீட்டுத் திண்ணையோரம்தான்.