நிறம் மங்கினால் கண் சொல்லும் செய்தி என்ன?

பீடோர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களில் குலை பழுத்துவிட்டதா என்பதை இரண்டு அடையாளங்கள் காட்டும். ஒன்று, கருமையிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும் நிறம். மற்றொன்று, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவருக்கு உதிரிப் பழமே கைகொடுக்கும்.

இக்குறை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. நமது விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகை. அவற்றில் ஒன்று பழுதானாலும் நிறங்கள் குழம்பும். தாயிடமிருந்து மகனுக்கு வருவதால் ஆண்களிடமே இது அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஆசியர்களிடையே சற்றுக் குறைவு. 1917-ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா வெளியிட்ட புள்ளிப் படங்களைக் கொண்டு இதனைச் சில நிமிடங்களில் கண்டறியலாம். இது வளர்வதுமில்லை, பார்வையைப் பறிப்பதுமில்லை. பிள்ளை வண்ணப் பென்சிலை மாற்றி எடுத்தால் கண்டிப்பதை விட்டுச் சோதித்துப் பார்ப்பதே முறை.

பின்னால் வருவதே எச்சரிக்கை

நேற்றுவரை சரியாகத் தெரிந்த நிறம் இன்று மாறினால் அது வேறு கதை. வயதானவர்களுக்குக் கண்புரையால் விழிவில்லை மஞ்சளாகி, நீலம் மங்கும். அறுவை சிகிச்சைக்குப் பின் நீலம் மீண்டும் பளிச்சிடும். இருதய நோய்க்குத் தரப்படும் டிகாக்சின் மருந்து உடலில் அளவு மீறினால் எல்லாம் மஞ்சளாகத் தோன்றக்கூடும்.

காசநோய் சிகிச்சை பெறுவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதங்கள் வழக்கமாகத் தரப்படும் நான்கு மருந்துகளில் எத்தம்பியூட்டால் ஒன்று. சிலருக்கு இது கண் நரம்பைப் பாதிக்கிறது. சிவப்பும் பச்சையும் மங்குவது அதன் முதல் அறிகுறிகளுள் ஒன்று. இம்மருந்து சிறுநீரகம் வழியே வெளியேறுவதால், இனிப்புநீர் நோயால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து அதிகம். தொடக்கத்திலேயே தெரிந்து மருந்தை நிறுத்தினால் பலருக்குப் பார்வை திரும்புகிறது. தாமதித்தால் இழப்பு நிரந்தரமாகலாம்.

அதற்காக மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. பாதியில் விட்ட காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாததாக மாறிவிடக்கூடும். அன்றே கிளினிக்கிற்குச் சென்று சொல்ல வேண்டும். மாற்று மருந்தை மருத்துவர் முடிவு செய்வார்.

வீட்டில் ஒரு சிவப்புப் பொருளை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். ஒரு கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் உடனே மருத்துவரை நாடுங்கள். இரு கண்களும் ஒருசேரப் பாதிக்கப்படலாம் என்பதால், வழக்கமாகப் பார்க்கும் நிறங்கள் மங்கினாலும் அலட்சியம் வேண்டாம்.