முந்தானையில் முடிந்த மாத்திரை



சில ஆண்டுகளுக்கு முன் திருவாண்டார்கோயிலை அடுத்த சிற்றூர் ஒன்றில், யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரைகள் வீடுவீடாக வழங்கப்பட்டன. மறுநாள் நமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவரின் இல்லத்திற்குச் சென்றோம். மாத்திரைகள் அவரது முந்தானையில் முடிந்தபடியே இருந்தன.

"ஏன் பாட்டி, விழுங்கவில்லையா?" என்று வினவினோம்.

"நல்லா இருக்கிற காலுக்கு மருந்து எதுக்கு சாமி?" என்றார் அவர்.

நம்மால் உடனே மறுமொழி கூற இயலவில்லை. பணியாளரின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'வழங்கப்பட்டது' என்ற குறிப்பு இருந்திருக்கும். ஆனால், வழங்கப்பட்ட மாத்திரை வேறு. விழுங்கப்பட்ட மாத்திரை வேறு அன்றோ?

அம்மாத்திரையின் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு உண்டு. யானைக்கால் புழுவைக் கொசு தன் உடலில் வளர்க்கிறது என்பதை 1877இல் சீனாவில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய ஆய்வுக்கூடத்திலிருந்து, 1947இல் இந்நோய்க்கான டி.இ.சி. மருந்து வெளிவந்தது. நம் புதுச்சேரியிலேயே 1975 முதல் கொசுக்களைப் பற்றிய மத்திய ஆராய்ச்சி மையம் இயங்கி வருகிறது. 1981 முதல் 1985 வரை அம்மையம், மருந்து தெளிப்பதை மட்டும் நம்பாது, கொசு பெருகும் இடங்களையே குறைக்கும் திட்டத்தைப் புதுவையில் நடத்திற்று. இவ்வளவு அறிவும் ஒரு முந்தானை முடிச்சில் வந்து நின்றுவிட்டதே!

அன்றிரவு பாட்டியின் கேள்விக்கு விடை தேடினோம். நோய்ப்புழு உடலின் நிணநீர்க் குழாய்களில் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழ்ந்து, எண்ணற்ற நுண்புழுக்களை ஈனுகிறது. அவற்றைச் சுமப்பவருக்குக் கால் வீங்காமலே இருக்கலாம். கொசுவோ அவரைக் கடித்துப் பின் அடுத்தவரைக் கடிக்கிறது. கொசு கடிக்கும் இரவு நேரத்திலேயே நுண்புழுக்கள் மேல்தோலின் இரத்தத்திற்கு வருகின்றன. இரத்தப் பரிசோதனைக்கு நள்ளிரவில் கதவைத் தட்டுவது இதனாலேதான். நம்மைத் தொல்லைப்படுத்த அன்று.

மறுநாள் சுகாதாரப் பணியாளரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். "பாட்டி, பக்கத்து வயல்காரர் களை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டோம்.

"விதை விழுந்து என் கொல்லையும் பாழாகுமே!"

"அந்தக் களை நம் இரத்தத்தில் வெளியே தெரியாமல் இருக்கலாம். கொசுதான் அதன் விதையைச் சுமக்கிறது. ஆகவே எல்லாரும் ஒருசேர, ஆண்டுதோறும் களையெடுக்க வேண்டும்."

மாத்திரை விழுங்கியபின் சிலருக்குக் காய்ச்சலும் தலைசுற்றலும் வருவதுண்டு. பெரும்பாலும் புழுக்கள் மடிவதாலேயே இவை நேரிடுகின்றன. இதனை முன்கூட்டியே கூறிவிட்டால் அச்சம் நீங்கும். கூறாது விட்டால் ஊர் முழுதும் வதந்தி பரவும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற தாய்மார், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு இம்மாத்திரை தரலாகாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஏற்கெனவே கால் வீங்கியோருக்கும் நற்செய்தி உண்டு. தோல் வெடிப்பு, விரலிடுக்குப் புண் ஆகியவற்றின் வழியே நுழையும் கிருமிகளே அடிக்கடி நெறி கட்டுவதற்கும் காய்ச்சலுக்கும் முக்கிய காரணம் என்பதைப் பிரேசில் நாட்டு மருத்துவர் கெருசா டிரேயர் தம் ஆய்வுகளால் உணர்த்தினார். நாள்தோறும் சோப்பும் தூய நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, அமரும்போது காலை உயர்த்தி வைத்தால் துன்பம் பெரிதும் குறையும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வீட்டார் வெறுப்பின்றி உதவினால் போதும். ஆயினும், எத்தனை இல்லங்களில் இத்தகையோர் திண்ணையோடு ஒதுக்கப்படுகின்றனர்!

அண்டை நாடான இலங்கையில், இந்நோய் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீங்கியதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் நாடு 2027ஐ இலக்காகக் கொண்டுள்ளது. சாக்கடை நீர் தேங்காமல் காப்பதும், கழிவுத் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவதும் நம் பங்கு. ஏன், எதற்கு என்று மக்கள் மொழியில் விளக்குவது கற்றோரின் பங்கு.

பாட்டி முடிச்சை அவிழ்த்தார். சாப்பிட்டு முடித்து, நம் கண்முன்னே மாத்திரைகளை விழுங்கித் தண்ணீர் குடித்தார். பின்னர் கடிந்துகொள்வதுபோல் கூறினார்: "இதை நேத்தே சொல்லிக் கொடுத்திருந்தா நேத்தே முழுங்கியிருப்பேனே சாமி!"