மன்றக் கூடத்தையும் மாற்ற வேண்டும்

டெல்லியில் 2023 மே 28 அன்று திறந்த புதிய நாடாளுமன்றத்தின் மக்களவைக் கூடத்தில் 888 பேர் உட்காரலாம். ஆனால் 2024 தேர்தலில் அந்த அவைக்குத் தேர்வான பெண்கள் 74 பேர்தான். அவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023 சட்டம், மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் முடிச்சுப் போடப்பட்டது. முத்துப்பேட்டை போன்ற பேரூராட்சிகளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. தமிழக உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் திருத்தப்பட்டு, 2022 பிப்ரவரியில் பேரூராட்சித் தேர்தலும் அப்படியே நடந்தது. எனவே பெண்களுக்கு ஏற்ற அவைக் கூடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊர்களில்தான் முதலில் விடை தேட வேண்டும்.

உட்காரும் இடம் அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையை நினைத்துப் பார்க்கட்டும். 2020இல் அந்த ஊராட்சியின் பட்டியலினப் பெண் தலைவர், தன் தலைமையில் நடக்க வேண்டிய கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அந்தப் புகைப்படம் வெளியான பிறகே ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், வழக்கும் பதிவானது. தேர்தல் அவருக்குக் கொடுத்த பதவியை ஒரு நாற்காலியை மறுத்தே பறித்துவிட முடிந்தது. உலகின் பழைய அவைகளும் இப்படித்தான் இருந்தன. லண்டனில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் பெண் பார்வையாளர்கள் 1917 வரை உலோகக் கிராதிக்குப் பின்னால் இருந்துதான் விவாதத்தைப் பார்க்க முடிந்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவைக்குப் பக்கத்தில் பெண் உறுப்பினர்களுக்குக் கழிப்பறை வந்தது 2011இல். அந்த அவைகளைக் கட்டியவர்கள் பெண்கள் உறுப்பினராக வருவார்கள் என்றே எண்ணவில்லை.

"ஆண்கள் மனம் மாறாமல் மேசையை மாற்றி என்ன பயன்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சாதியையும் கணவரின் தலையீட்டையும் எந்தக் கட்டடமும் ஒழித்துவிடாது. ஆனால் தலைவருக்குப் பெயர்ப் பலகையோடு தரையில் பதித்த நாற்காலி, எல்லா உறுப்பினருக்கும் ஒரே உயரத்தில் வட்ட மேசை, உறுப்பினர் எண்ணிக்கைக்கு மேல் ஒரு நாற்காலிகூட இல்லாதபடி சுற்றிலும் ஒரு தடுப்பு, அதற்கு வெளியே பார்வையாளர் இடம் என்று அமைத்துவிட்டால், தலைவரின் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பதில் சொல்வது எளிதல்ல. சொன்னாலும் ஊர் பார்க்கும். தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறையும், கைக்குழந்தையைக் கிடத்த ஓர் அறையும், சாய்தளமும் வேண்டும். நடவுக்குப் போகும் பெண்களைக் காலையில் கூட்டத்துக்கு அழைத்தால் வரமாட்டார்கள். நேரமும் வடிவமைப்பில் சேர்த்திதான். பணம் ஏது என்ற ஆட்சேபணைக்கு, இவற்றில் பாதி, நாற்காலிகளை இடம் மாற்றினாலே முடிந்துவிடும் என்பதே பதில். மீதிக்கு, அடுத்த கட்டடத்தின் மதிப்பீடு வரும்போது, வரைபடத்தைப் பெண் கவுன்சிலர்கள் பார்த்துத் திருத்திய பிறகே டெண்டர் விட வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போடுங்கள்.