பால்காரப் பெண் பங்கு வாங்கினால்

இன்னைக்கு ஒரே ஒரு ஜெர்மன் வார்த்தை: ‘மில்ஷ்மேட்ஷென்ஹோஸ்’. மில்ஷ்மேட்ஷென் என்றால் பால்காரப் பெண். ஹோஸ் என்றால் சந்தை ஏற்றம். பிரெஞ்சிலிருந்து வந்த சொல்.

விலை ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில், பங்குச்சந்தைப் பக்கமே வராதவர்கள்கூட வாங்க ஓடி வருகிறார்கள். அந்தக் கட்டத்துக்குத்தான் இந்தப் பெயர். இனி புதுசா வாங்க ஆள் பாக்கியில்லை, சரிவு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஏன் பால்காரப் பெண்? ஆசையில் போடும் தப்புக்கணக்கை ஜெர்மன்காரர்கள் ‘பால்காரப் பெண் கணக்கு’ என்பார்கள். 1678-ல் வெளிவந்த லா ஃபோன்டேனின் பிரெஞ்சுக் கதையோடுதான் இதைப் பொதுவாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். தலையில் பால்குடத்தோடு சந்தைக்குப் போகிற பெண், பாலை விற்று முட்டை, அப்புறம் கோழி, பன்றி, பசு, கன்று என்று கனவு காண்கிறாள். சந்தோஷத்தில் ஒரு துள்ளல். குடம் போச்சு!

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? பஞ்சதந்திரத்தில் மாவுப்பானையை உதைத்து உடைத்த பிராமணர் கதையேதான். பாரசீகம், அரபி வழியாக இந்தக் கதைகள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. இங்கே ஏமாந்தவர் பிராமணர்; அங்கே பால் விற்கிற பெண்.

இந்த வார்த்தையை முதலில் கேட்டப்போ நானும் சிரித்தேன். ஆனால் டாய்ச் டெலிகாம் கதையைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை. 1996-ல் அந்த அரசு நிறுவனத்தின் பங்கு 28.50 மார்க்குக்கு, அதாவது சுமார் 14.57 யூரோவுக்கு, விற்பனைக்கு வந்தது. ‘மக்கள் பங்கு’ என்றார்கள். பிரபல நடிகர் மான்ஃப்ரெட் க்ரூக் விளம்பரத்தில் வந்தார். பங்கே வாங்கியிராத குடும்பங்கள் சேமிப்பை எடுத்துக்கொண்டு வந்தன. 2000 மார்ச்சில் விலை 103.50 யூரோ. அதே ஜூனில் அரசுத் தரப்பு இன்னொரு பகுதியை 66.50 யூரோவுக்கு விற்றது. 2002-ல் பத்து யூரோவுக்கும் கீழே! விளம்பரத்தில் நடித்ததற்காக க்ரூக் பிற்பாடு மன்னிப்புக் கேட்டார்.

கதையில் அந்தப் பெண் தானாகத்தான் துள்ளினாள். இங்கே அவளைக் கூப்பிட்டு, குடத்தைத் தலையில் ஏற்றிவிட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த வார்த்தையில் இருப்பது அவள் பெயர் மட்டும்தான். அடுத்த முறை ‘விவரம் தெரியாதவங்க எல்லாம் உள்ளே வந்துட்டாங்க’ என்று யாராவது சொன்னால், நான் கேட்கப்போவது ஒன்றுதான்: அவங்களுக்கு வித்தது யாரு?