சுட்ட தோட்டா உறையில் தழும்பு விழுவது ஏன்?

தோட்டாவின் உறை பித்தளையால் ஆனது. அதில் சுமார் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். ரைபிளின் பாகங்களோ எஃகு. கடினமான எஃகு அழுத்தும் இடத்தில் மென்மையான பித்தளை வடு வாங்கிக்கொள்கிறது.

ஏஆர்-15 வகை செமி ஆட்டோமேட்டிக் ரைபிளில் இது எப்படி நடக்கிறது? சுட்டதும் வெடிவாயு பின்னால் வந்து, தோட்டா இருக்கும் அறையை மூடியிருக்கும் போல்ட்டைத் திறக்கிறது. கொக்கி போன்ற பாகம் உறையின் விளிம்பைப் பிடித்து இழுக்கும்போது அங்கே கீறல் விழுகிறது. ஸ்பிரிங் தாங்கிய சிறு முளை உறையின் அடியைத் தள்ளி வெளியே வீசுகிறது. பறக்கும் உறை ரைபிளின் பக்கவாட்டுப் புடைப்பில் மோதி நெளிகிறது. உள்ளழுத்தம் மிகுந்தால், அந்த முளை இருக்கும் துளைக்குள் பித்தளை பிதுங்கி, உறையின் அடியில் பளபளப்பான வட்டத் தடம் பதியும். தோட்டாவில் வெடிமருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கை அது.

சுட்ட உறையை மீண்டும் பயன்படுத்த மறுபடி நிரப்பும்போது, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பழைய பிரைமர் கழற்றப்படுகிறது. சுடும் ஊசி குத்திய குழியும் அதோடு போய்விடும். நெளிவை, உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு நிமிர்த்திவிடும். விளிம்புக் கீறல்களோ பெரும்பாலும் தங்கிவிடும். அடுத்த முறை வேறு ரைபிளில் சுட்டால், ஒரே உறையில் இரண்டு துப்பாக்கிகளின் தடங்கள் சேர்ந்திருக்கும்.

1920-களில் அமெரிக்காவில் கால்வின் காடர்டு போன்றோர் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் தோட்டாத் தடங்களை ஆராயும் முறையை வளர்த்தார்கள். அந்த முறையில் இன்று ஆய்வு செய்பவர், கீறல் ஒத்துப்போகிறது என்பதோடு நின்றுவிடக் கூடாது. அது கடைசியாகச் சுட்டபோது விழுந்ததுதானா என்பதையும் பார்த்தாக வேண்டும்.