வெம்மையும் தண்ணளியும்: துணைமை இயந்திரங்கள் பற்றி நெடுந்தீவிலிருந்து ஒரு நோக்கு

தனித்து வாழும் முதியோருக்குத் துணையாக இயந்திரங்களை ஆக்கும் முயற்சி கடந்த முப்பது ஆண்டுகளில், சிறப்பாக யப்பானில், விரைந்து வளர்ந்துள்ளது. தொடுவோர் கைக்கு அவை வெம்மையுடையனவாக இருத்தல் வேண்டும். அதேவேளை குறைந்த மின்சக்தியில் இயங்குதலும் வேண்டும். இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அவ்வெம்மை எவ்வெரிபொருளிலிருந்து பெறப்படுகின்றது, யாருடைய உழைப்பின் இடத்தை நிரப்புகின்றது என்னும் வினாக்களும் இதனுள் அடங்கும். மின்சக்தி அரிதான, இளையோர் வெளியேற முதியோர் எஞ்சும் நெடுந்தீவை உரைகல்லாகக் கொண்டு இவ்வினாக்களை நாம் நோக்குவோம்.

முதலிற் சொல்லை நோக்குதல் தகும். ‘றோபோ’ என்னும் சொல் செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட நாடகத்தின் வழியாக உலகிற் பரவியது. கட்டாய வேலையைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லே இதன் மூலம். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் ஊதியமின்றிச் செய்விக்கப்பட்ட வேலை ‘ஊழியம்’ எனப்பட்டது. ஆகவே ‘றோபோ’ என்பதற்கு எமது வரலாற்றில் நேரான சொல் உண்டு. துணைமை இயந்திரத்தின் பெயரிலேயே உழைப்பின் வரலாறு பொதிந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

இனி, வெம்மை ஆக்கப்படும் முறையைக் காண்போம். இயந்திரமொன்றிற் செலவாகும் மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறும். எனவே தனியானதொரு சூடாக்கியை அமைப்பது வீண்செலவாகும். 2018 இல் யப்பானில் அறிமுகப்படுத்தப்பட்ட ‘லோவொற்’ என்னும் றோபோ, தன் உள்ளிருக்கும் கணினி வெளிவிடும் வெப்பத்தையே உடலெங்கும் பரப்பி வெதுவெதுப்பாகின்றது. மின்கலம் தளர்கையில் தானாகவே தன் ‘கூட்டிற்கு’ மீள்கின்றது. கழிவாகும் வெப்பமே இங்கு அன்பின் குறியாகின்றது. 2005 இல் விற்பனைக்கு வந்த ‘பாரோ’ என்னும் கடல்நாய்க்குட்டி வடிவ றோபோ பிறிதொரு வழியைக் கொண்டது. அது நடப்பதில்லை, தலையையும் இமைகளையும் துடுப்புகளையுமே அசைக்கும். இடம்பெயர்தலுக்குச் செலவாகும் சக்தி இதனால் மிஞ்சுகின்றது. அதன் மென்மயிரும் பயனற்ற அணியன்று. ஒரே வெப்பநிலையிலுள்ள உலோகமும் கம்பளியும் கைக்கு ஒன்றுபோல் தோன்றுவதில்லை. உலோகம் கையின் வெப்பத்தை விரைந்து கவர்வதாற் குளிர்கின்றது; கம்பளி கவராமையால் இதமாகின்றது. நாம் உணரும் வெம்மையின் ஒரு பகுதி எமது கைக்கே உரியது.

நெடுந்தீவில் இக்கணக்கு வேறுபடும். தேசிய மின்தொகுப்புடன் இணையாத இத்தீவு நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையுடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரம், 530 கிலோவாற்று காற்று மின்சாரம், 2,400 கிலோவாற்று மணி மின்கலச் சேமிப்பு, இவற்றுக்குத் துணையாக 2,500 கிலோவாற்று டீசல் இயந்திரங்கள் என்பன அத்திட்டத்தில் அடங்கின. இத்தகைய இடத்தில் இரவில் மின்னேற்றப்படும் பொருள் சேமிப்பையோ டீசலையோ தின்னும். ஆதலின் கதிரவன் உள்ள பகற்பொழுதில் மின்னேற்றி, தொடும்போது மட்டும் விழித்தெழும் இயந்திரமே இங்கு ஏற்புடையது. இயற்கையும் ஓரளவு உதவுகின்றது. ஒரு பொருள் இழக்கும் வெப்பம், சூழலுக்கும் அதற்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒத்ததாகும். 37 பாகை வெப்பமுடைய பொருள் 18 பாகையான அறையில் இழப்பதில் ஏறக்குறைய அரைவாசியையே 28 பாகையான நெடுந்தீவு வீட்டில் இழக்கும்.

ஆயின் அவ்வெம்மையை இங்கு யார் வேண்டுவர்? குளிர்நாட்டு மொழிகள் பலவற்றில் அன்பு வெம்மையாக உருவகிக்கப்படுகின்றது. தமிழிலோ அருள் தண்ணியது: ‘தண்ணளி’ என்கின்றோம், நெஞ்சில் ‘ஈரம்’ உண்டா என வினவுகின்றோம், மனம் குளிர்ந்தது என மகிழ்கின்றோம். மன்னனின் குடைநிழலைத் தண்ணிது எனப் போற்றியதும் இம்மரபே. வெயிலுக்கஞ்சி நிழலையும் நீரையும் தேடிய வாழ்க்கையே இவ்வுருவகங்களை ஈன்றது. நன்னீர் அரிதான நெடுந்தீவில் இவற்றின் பொருள் இன்றும் உயிர்ப்புடையது. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. வெம்மைக்கு ‘விருப்பம்’ என்னும் பொருளைத் தொல்காப்பிய உரியியலும் கூறும். உடல் சில்லிட்டது என்றால் உயிர் போயிற்று என்றே எவரும் கொள்வர். தொடுகையில் வெம்மை உயிரின் அடையாளம். உறவில் தண்மை அருளின் அடையாளம். ஆகவே இங்குள்ள முதியவருக்கு ஏற்ற இயந்திரம் எந்நேரமும் சூடாயிருக்க வேண்டியதில்லை. கை படும் இடத்தில், கை படும் பொழுதில் உயிர்ப்பைக் காட்டினாற் போதும். சக்திச் சிக்கனமும் பண்பாட்டுப் பொருத்தமும் இவ்விடத்து ஒன்றுபடுகின்றன.

இவ்வளவோடு அமைதல் குறைபாடாகும். நெடுந்தீவு முதியோரின் தனிமை கருவியொன்று இல்லாமையால் விளைந்ததன்று. குறிகட்டுவானுக்குக் கடல்வழியே அன்றி வேறு வழியின்மை, தொழில்வாய்ப்பின்மை, போர்க்கால இடப்பெயர்வு, 1985 மே 15 இல் ‘குமுதினி’ படகிற் சென்றோர் கொல்லப்பட்டமை போன்ற கொடுமைகள், வெளிநாட்டுக் குடிபெயர்வு என்பன அதன் காரணிகளாகும். பிள்ளைகளின் உழைப்பை வெளியுலகச் சந்தை ஈர்த்துக்கொண்டது. எஞ்சிய பெண்களின் பராமரிப்பு வேலை, ‘ஊழியம்’ போலவே, கூலியற்றதாய்த் தொடர்கின்றது. இந்நிலையில் இயந்திரத்தை வெறுத்தொதுக்குதல் எமது நோக்கமன்று. இயந்திரத்தையும் அதன் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்தி நோக்க வேண்டும் என்பதை மார்க்ஸ் 1867 இலேயே ‘மூலதனத்தில்’ விளக்கியுள்ளார்.

ஓய்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகின்றது. அதற்கு மின்பிறப்பாக்கி வேண்டியதில்லை. ஆனால் அம்மனிதர் தீவிலேயே தங்கி வாழ ஊதியமும், வைத்தியசாலையும், ஒழுங்கான படகுச் சேவையும் வேண்டும். பராமரிப்போரின் சுமையைக் குறைத்து அவர்களோடு நிற்கும் இயந்திரத்தை நாம் வரவேற்கலாம். அவர்களுக்குரிய ஊதியத்தையும் படகையும் மறுப்பதற்கு அது ஒரு சாட்டாக அமையுமாயின், எத்துணைச் சிக்கனமாக வெதுவெதுத்தாலும் அதனிடம் ஈரம் இல்லை என்பதே எமது முடிபு.