நாற்பது சதவீதம் அழுகிப் போகிறதாமே!



நம்மைப் பற்றி வெளியார் ஒரு கணக்குச் சொல்லி வருகிறார்கள். இந்தியாவில் விளையும் காய்கனிகளில் முப்பது முதல் நாற்பது சதவீதம், வாங்குவோர் கைக்குப் போகும் முன்பே அழுகி வீணாகிறது என்பது அந்தக் கணக்கு. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். அவர்களுக்கு அறிக்கை எழுதித் தரும் ஆலோசகர்கள் சொன்னார்கள். பிறகு டெல்லியில் நம்மவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். வெளியார் என்றால் வெள்ளைக்காரர் மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். ஒரு நாளாவது விடியற்காலையில் சந்தைக்குள் நின்று பாராதவர் எல்லாருமே இந்த விஷயத்தில் வெளியார்தான்.

இது வெறும் பேச்சாக நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். 2011 நவம்பரில் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு மத்திய அமைச்சரவை இசைவு தந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் நிறுத்தி வைத்து, 2012 செப்டம்பரில் மறுபடி கொண்டு வந்தது. அப்போது எடுத்துச் சொன்ன நியாயங்களில் இந்த நாற்பது சதவீதமும் ஒன்று. ‘உங்களுக்குச் சரக்கைக் காக்கத் தெரியவில்லை, பெரிய கம்பெனி வந்து குளிர்பதனக் கிடங்கு கட்டிக் காக்கும்’ என்பதே அதன் பொருள். குறைந்தது 10 கோடி டாலர் முதலீடு, அதில் பாதி கிடங்கு, போக்குவரத்து போன்றவற்றுக்கு என்று நிபந்தனையும் போட்டார்கள். 2012 செப்டம்பர் 20ஆம் தேதி நாடெங்கும் நடந்த கடையடைப்பு நமக்கெல்லாம் நினைவிருக்கும்.

கணக்கு மெய்தானா? லூதியானாவில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ், அறுவடைக்குப் பின் விளைபொருளைக் காப்பதை ஆராயும் மத்திய நிலையம் ஒன்று உள்ளது. அவர்கள் நாட்டின் பல மாவட்டங்களிலும் அளந்து பார்த்து 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, காய்கனிகளில் சேதாரம் 4.58 முதல் 15.88 சதவீதம் வரை. மிக அதிகம் கொய்யாப் பழம். அதுதான் அந்த 15.88. தக்காளி 12.44, மாம்பழம் 9.16, வெங்காயம் 8.21, உருளைக்கிழங்கு 7.32. நம் பலசரக்குக் கடைச் சரக்கான பயறு பருப்பு வகையில் 6.36 முதல் 8.41 வரை. இதிலும் தக்காளி போன்றவற்றில் பெரும் பகுதி தோட்டத்தில் பறிக்கும்போதும் தரம் பிரிக்கும்போதும் போவது; மண்டியிலும் கடையிலும் போவது அதைவிடக் குறைவு. இதே நிலையத்தார் 2010இல் தந்த முந்தைய அறிக்கையிலும் 18 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதாவது, நாடாளுமன்றத்தில் அந்நிய முதலீடு பற்றி 2012 டிசம்பரில் விவாதம் நடந்தபோதே அரசாங்கத்தின் சொந்தக் கணக்கு அலமாரியில் இருந்தது!

நான் சொல்வது மிகையோ என்று ஐயப்படுகிறவர்கள் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்து பார்க்கலாம். ஏலத்தில் முதல் தரத் தக்காளி புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஏறும். இரண்டாம் தரம் உள்ளூர்க் கடைகளுக்கு. பழுத்துக் குழைந்தது ஓட்டல்காரருக்கு. அவருக்கு ரசத்துக்கும் சட்னிக்கும் அதுதான் வேண்டும், விலையும் பாதி. மிஞ்சியதைக் கூறு கட்டி விற்கச் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமார் உண்டு. அதற்கும் கீழே மாடு இருக்கிறது. நம் சரக்கிலும் அப்படித்தான். உடைந்த உளுந்தை மாவு ஆட்டி விற்கிறவர் கேட்டு வாங்குகிறார். உளுந்தம்பொட்டும் துவரம்பொட்டும் மாட்டுத் தீவனம். எலுமிச்சையில் தோல் கறுத்தது ஊறுகாய்க்குப் போகிறது. புளியங்குடிக்காரரிடம் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார். இந்த ஏற்பாட்டை யாரும் சட்டம் போட்டு உண்டாக்கவில்லை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘அமைப்புசாரா வணிகம்’. பீடி சுற்றும் பெண்ணுக்கு வாரச் சம்பளம் வரும்வரை அரிசி பருப்பைப் பற்று எழுதிக் கொடுக்கிற கடைக்காரரும் அவர்கள் கண்ணுக்கு அமைப்பில்லாதவர்தான்.

படம் எடுக்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குற்றாலம் சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர் சிலர் கேமராவுடன் சந்தைப் பக்கமும் எட்டிப் பார்ப்பதுண்டு. எதை எடுக்கிறார்கள்? ஏலம் முடிந்தபின் மூலையில் கிடக்கும் முட்டைக்கோஸ் மேலிலைக் குவியலை. அந்த இலையை எந்த ஊரிலும் யாரும் குழம்பு வைப்பதில்லை. சாயங்காலத்துக்குள் அதை ஆடு மாட்டுக்கு அள்ளிப் போய்விடுவார்கள். அதைப் படம் எடுக்க அப்போது ஆள் இருப்பதில்லை. இன்னொரு படம், சாலையோரம் கொட்டிய தக்காளி. பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத விலை வந்தால் விவசாயி வயிற்றெரிச்சலில் கொட்டுகிறான். அது விலைச் சரிவால் வந்த வினை. குளிர்பதனக் கிடங்கு கட்டி வைத்தால் அதற்கு வாடகை யார் கொடுப்பது?

நாற்பது சதவீதம் என்பது எங்கே பொருந்தும் தெரியுமா? அமெரிக்க வேளாண்மைத் துறையே தங்கள் நாட்டு உணவில் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்று மதிப்பிட்டிருக்கிறது. 2010இல் கடைகளிலும் வீடுகளிலும் மட்டுமே 31 சதவீதம். கிடங்கும் குளிர்பதன லாரியும் கணினியும் எல்லாம் உள்ள நாடு அது! பிரான்சில் பெரிய கடைகள் விற்காத உணவை அழிக்கக் கூடாது என்று 2016இல் சட்டமே போட வேண்டி வந்தது. ஆனால் நாமும் துள்ள வேண்டாம். வீட்டில் வீணாவதில் பணக்கார நாட்டுக்கும் மற்ற நாடுகளுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2021இல் சொல்லியிருக்கிறது. நம் கல்யாணப் பந்தி இலைகளைப் பார்த்தவர் மறுக்க மாட்டார்.

1927இல் காதரின் மேயோ என்ற அமெரிக்க அம்மையார் ‘மதர் இந்தியா’ என்று நம் நாட்டை இழித்து ஒரு புத்தகம் எழுதினார். காந்தியடிகள் அதைச் சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்றார். பலருக்கும் இது தெரியும். அதே கட்டுரையில், இந்தியர்கள் இதைப் படித்தால் ஓரளவு பயன் உண்டு என்றும் அவர் எழுதியதைத்தான் நாம் மறந்து விடுகிறோம்.

ஆகவே நம் பக்கத்துச் சாக்கடையையும் பார்த்து விடுவோம். 12 சதவீதம் தக்காளி என்பது சின்ன விஷயமல்ல. எட்டுக் கூடைக்கு ஒரு கூடை. வெயிலில் அடுக்கி, மேலே ஆள் ஏறி மிதித்து இறக்குகிறோம். பல சந்தைகளில் மழை பெய்தால் ஒதுங்கக் கூரை இல்லை. பயறு மூட்டையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு ஈரம் ஏற விடுகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். அடியில் கட்டை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க என்ன செலவு? இதற்கு அந்நிய முதலீடு வேண்டியதில்லை.

நம்மிடம் கணக்கு இல்லாததால்தான் வந்தவன் சொன்னது கணக்காகிறது. என் கடையில் ஆவணி முதல் தேதியிலிருந்து ஒரு நோட்டுப் போடுகிறேன்: என்ன சரக்கு, எத்தனை கிலோ கழிந்தது, வண்டா, ஈரமா, எலியா, கழிந்தது எங்கே போயிற்று. பருப்பு, மிளகாய் வற்றல், புளி மூன்றுக்கும் தனித்தனிப் பக்கம். விருப்பமுள்ள உறுப்பினர்களும் காய்கறி மண்டிக்காரர்களும் இதே மாதிரி எழுதி, மார்கழிக் கூட்டத்துக்குக் கொண்டு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.